ஃபிளாட் பெடலா, கிளிப்லெஸ் பெடலா: மவுண்டன் பைக் ஓட்டுபவர்களுக்குத் தேர்வும் மிதிக்கும் முறையும்

மவுண்டன் பைக் வாங்கி இரண்டு மூன்று மாதம் ஓட்டியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, கிளிப்லெஸ் பெடலுக்கு எப்போது மாறலாம் என்பதுதான். மாறத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் குறைவு. காலைப் பெடலோடு பூட்டிக்கொள்வது அடுத்த வகுப்புக்குத் தேறுவது போன்றது என்றும், பூட்டு ஏதுமின்றிப் பாதத்தை மேலே வைத்து மிதிக்கும் தட்டையான ஃபிளாட் பெடல் பழகும் காலத்துக்கு மட்டுமே உரியது என்றும் ஓர் எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் கல் பாவிய ஜீப் தடங்களிலும் செம்மண் ஒற்றையடிப் பாதைகளிலும் இரண்டு வகைகளையும் பல ஆண்டுகள் மாற்றி மாற்றி ஓட்டிய பிறகு எனக்கு உறுதிப்பட்டது வேறு. காலைப் பெடலில் நிறுத்தி வைப்பது முதலில் ஓட்டுபவரின் கணுக்காலும் உடல் எடையும்தான். அதை ஃபிளாட் பெடலில் கற்றுக்கொண்டவருக்குக் கிளிப்லெஸ் ஒரு நல்ல கருவியாக அமைகிறது, கற்காதவருக்கோ அது குறையை மூடி மறைக்கும் துணியாகிவிடுகிறது. இந்த வழிகாட்டியின் வரிசையும் அதைப் பின்பற்றியே அமைந்திருக்கிறது.

பெயரில் உள்ள குழப்பம்

கிளிப்லெஸ் என்றால் கிளிப் இல்லாதது என்று பொருள். ஆனால் அதில்தான் காலணி சொடுக்கென்ற ஓசையோடு பூட்டிக்கொள்கிறது. இந்த முரணுக்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. பழைய பந்தய சைக்கிள்களில் பெடலின் முன்புறம் ஒரு சிறு கூண்டு இருக்கும்; அதற்குள் விரல்களை நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூண்டின் பெயர்தான் டோ கிளிப். பனிச்சறுக்குக் காலணிகளுக்கான பூட்டுகளைச் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லுக், அதே கருத்தை 1984இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. கூண்டு ஒழிந்ததால் அது கிளிப்லெஸ் ஆயிற்று. அடுத்த ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார்.

ஆனால் சாலைப் பந்தயக் காலணியின் அடியில் அந்தப் பூட்டுத் துண்டு, அதாவது கிளீட், பெரிதாகத் துருத்திக்கொண்டிருக்கும். இறங்கி நாலு அடி நடப்பதே சிரமம். மலைப்பாதையில் இறங்கி நடக்காமல் யாராலும் இருக்க முடியாது. 1990இல் ஷிமானோ கொண்டுவந்த எஸ்பிடி முறை அந்தச் சிக்கலைத் தீர்த்தது: இரண்டு போல்ட்டுகளால் இறுக்கப்படும் சிறிய உலோகக் கிளீட் காலணியின் அடிப்பகுதிக் குழிக்குள் பதிந்துகொள்கிறது, பெடலின் இருபுறமும் பூட்டு இருக்கிறது. இன்று டைம், கிராங்க்பிரதர்ஸ் போன்ற நிறுவனங்கள் வேறு வகைப் பூட்டுகளைச் செய்தாலும், மலைப்பாதைக் காலணிகளில் அந்த இரண்டு போல்ட் அமைப்பே பொதுவாக நிலைத்திருக்கிறது.

மேலே இழுத்தால் வேகம் கூடுமா?

கிளிப்லெஸ் பெடலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம், கீழே மிதிப்பதோடு மேலேயும் இழுக்கலாம், ஆகையால் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது. காலணிக்கும் பெடலுக்கும் பெருந்தொகை செலவிட வைப்பது பெரும்பாலும் இந்த நம்பிக்கைதான். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்க் சுற்றும் வட்டத்தைக் கடிகார முகப்பாக எண்ணிக்கொள்ளுங்கள். உச்சி 12 மணி, முன்புறம் 3 மணி, அடி 6 மணி. தொடையின் முன்தசைகளும் பிட்டத் தசைகளும் சேர்ந்து தரும் விசையின் பெரும்பகுதி 1 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான் கிராங்கைச் சுழற்றுகிறது. அதே வேளையில் மறுகால் 7 மணியிலிருந்து 11 மணிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. சாதாரணமாக மிதிக்கும்போது ஏறும் கால் தன் எடையை முழுவதும் தானே தூக்குவதில்லை. இறங்கும் கால் கொடுக்கும் விசையில் ஒரு பங்கு அதைத் தூக்குவதற்கே போகிறது. இதை வீணென்று கருதி, ஏறும் காலையும் வேலை வாங்க வேண்டும் என்பதுதான் மேலே இழுக்கும் வாதம்.

2007இல் தாமஸ் கோர்ஃப் முதலான ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சைக்கிள் ஓட்டுநர்களை வெவ்வேறு விதமாக மிதிக்கச் சொல்லி அளந்தார்கள். வேண்டுமென்றே மேலே இழுத்தபோது பெடலில் விசை செலுத்தப்படும் திசை சீரானது. ஆனால் அதே அளவு வேலைக்கு உடல் செலவிட்ட ஆற்றல் கூடிவிட்டது. இடுப்பின் முன்புறமும் தொடையின் பின்புறமும் உள்ள தசைகள் நீண்ட நேரம் இந்த வேலையைச் செய்வதற்குத் தகுந்தவை அல்ல. அவை விரைவில் களைத்துவிடுகின்றன. சில விநாடிகள் நீடிக்கும் செங்குத்தான ஏற்றத்திலோ பந்தயத்தின் கடைசிப் பாய்ச்சலிலோ இழுப்பது உதவும். மூன்று மணி நேர ஓட்டத்துக்கு அது வழியாகாது. ஏறும் காலின் பாரத்தைப் பெடலின் மேல் சுமத்தாமல் லேசாக்கிக்கொள்வதே போதும். அதை ஃபிளாட் பெடலிலும் செய்யலாம்.

இரண்டும் உண்மையில் தருவது என்ன

கிளிப்லெஸ்ஸின் மெய்யான பயன் கரடுமுரடான தரையில் தெரிகிறது. வேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் உட்கார்ந்தபடி வேகமாக மிதிக்கும்போது பின்சக்கரம் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் ஃபிளாட் பெடலில் பாதம் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். பூட்டிய காலுக்கு அந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு முறையும் பாதம் ஒரே இடத்தில் அமைவதால் நீண்ட ஓட்டத்தில் களைப்பும் குறைகிறது. கிராஸ் கன்ட்ரி பந்தயம் 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. நீனோ ஷுர்ட்டர் 2016இலும் டாம் பிட்காக் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற அந்தப் பிரிவில் முன்னணி ஓட்டுநர்கள் காலைப் பூட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள். ஏற்றத்தில் ஒரு விநாடியும் விடாமல் மிதிக்க வேண்டிய பந்தயம் அது.

மறுபக்கம், ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2006, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில், இறக்கத்தில் விரையும் பந்தயமான டவுன்ஹில்லில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றது ஃபிளாட் பெடலில்தான். பிறகு, ஏற்றமும் இறக்கமும் கலந்த எண்டூரோ உலகத் தொடரை 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதே வகைப் பெடலில் வென்றார். ஃபிளாட் பெடலைப் பழகுபவர்களுக்கான பெடல் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஆண்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எனினும் டவுன்ஹில் ஓட்டுநர்களில் பலரும் பூட்டுப் பெடலையே பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

ஃபிளாட் பெடல் தரும் பெரிய வரம், நினைத்த கணத்தில் காலைத் தரையில் ஊன்ற முடிவது. பயம் குறைந்தால்தான் உடல் இளகும். உடல் இளகினால்தான் எந்தத் திறனும் படியும். செங்குத்தான வளைவை முதன்முறை முயல்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. சாதாரணக் காலணியோடு கடைக்குப் போகலாம், பாதையில் நடக்கலாம், பாறையில் ஏறலாம் என்பவை கூடுதல் வசதிகள்.

முதல் படி: ஃபிளாட் பெடலையும் காலணியையும் சரியாக அமைப்பது

புதிய சைக்கிளோடு வரும் பிளாஸ்டிக் பெடலை வைத்து ஃபிளாட் பெடலை மதிப்பிடக் கூடாது. நல்ல ஃபிளாட் பெடலின் பரப்பு ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் இருக்கும், நடுப்பகுதி ஓரங்களைவிடச் சற்றுத் தாழ்ந்து குழிந்திருந்தால் பாதம் அதில் நன்றாகப் படியும். ஓரங்களில் கழற்றி மாற்றக்கூடிய உலோகப் பின்கள், அதாவது காலணியைப் பிடிக்கும் சிறு முட்கள், இருக்க வேண்டும். அலுமினியம் உறுதியானது, நைலான் விலை குறைவு, பாறையில் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். நைலான் பெடலிலும் பின்கள் உலோகமாக இருந்தால் அதைத் தயங்காமல் வாங்கலாம்.

பெடலைவிடக் காலணி முக்கியம் என்பதே என் கருத்து. ஓட்டப் பயிற்சிக்கான காலணியின் அடிப்பகுதி மெத்தென்று வளைவதால் பாதம் பெடலைச் சுற்றி மடங்கும், சீக்கிரம் வலிக்கும். மலையேற்றக் காலணியின் ஆழமான பள்ளங்களில் பின்கள் ஒழுங்காகப் பதியாது. அடி தட்டையாகவும் நடுப்பகுதி ஓரளவு விறைப்பாகவும் ரப்பர் மென்மையாகவும் இருப்பது வேண்டும். பாறையேறுபவர்களுக்கான ரப்பரை உருவாக்கிய ஃபைவ் டென் நிறுவனம் அதே ரப்பரைச் சைக்கிள் காலணிக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுதான். அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால், தட்டையான அடி கொண்ட ஸ்கேட்போர்டு வகைக் காலணியில் தொடங்கலாம்.

பெடலை மாற்றும்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வலப்பெடலின் மரை வழக்கமானது. இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. இடப்பெடலைக் கழற்ற ஸ்பேனரை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்படி நினைவில் வைக்க எளிய வழி: கிராங்கை முன்னோக்கி நீட்டி வைத்து, மேலிருந்து ஸ்பேனரைச் சைக்கிளின் பின்பக்கமாகச் சாய்த்தால் பெடல் கழலும், முன்பக்கமாகச் சாய்த்தால் இறுகும். 15 மி.மீ. ஸ்பேனரோ 6 அல்லது 8 மி.மீ. அலன் கீயோ தேவைப்படும். மரையில் கிரீஸ் தடவி முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு இடம் கொடுக்காவிட்டால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள், உடனே நிறுத்துங்கள். அலுமினியக் கிராங்கின் மரை ஒருமுறை கெட்டால் சீர்செய்வது கடினம்.

அடுத்தது சீட்டின் உயரம். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிக்குக் கொண்டுபோகும்போது முழங்கால் நேராக வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தேவையான அளவு மடங்கியிருக்கும். இது ஏற்றத்துக்கும் சமதளத்துக்கும் உரிய உயரம். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்த வேண்டும். ஓட்டிக்கொண்டே சீட்டை ஏற்றி இறக்கும் தண்டான டிராப்பர் போஸ்ட் இருந்தால் பொத்தானை அழுத்தினால் போதும். இல்லாதவர்கள் இறங்கி, பிடியைத் தளர்த்திச் சில அங்குலம் இறக்கிக்கொள்ளச் சோம்பல்படக் கூடாது.

பாதத்தின் இடத்தைப் பொறுத்தவரை, பெருவிரலின் அடிமூட்டு பெடல் அச்சுக்கு நேர் மேலே இருப்பது சாலை ஓட்டுநர்களின் பழக்கம். ஃபிளாட் பெடலில் பாதத்தை ஓரிரு செ.மீ. முன்னே தள்ளி, அந்த மூட்டுக்குச் சற்றுப் பின்னுள்ள பகுதி அச்சின் மேல் படியும்படி வையுங்கள். இறக்கத்தில் கெண்டைக்கால் தசை இழுபடுவது குறையும், நிலையும் உறுதிப்படும்.

இரண்டாம் படி: பாதத்தைப் பெடலில் நிறுத்தக் கற்பது

இந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்குங்கள்; மற்ற எல்லாத் திறனும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஆளில்லாத புல்வெளியோ லேசான சரிவுள்ள மண்பாதையோ போதும். சீட்டைத் தாழ்த்தி எழுந்து நின்று, இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்குமாறு, 3 மணி, 9 மணி நிலையில் வைத்து உருளுங்கள். முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்கட்டும். உடல் எடை முழுவதும் பாதங்களில் இறங்கி, கைகள் ஹேண்டிலை வெறுமனே தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கை விரல்களைச் சற்றே திறந்து பாருங்கள். உடல் முன்னே சரிந்தால் எடை இன்னும் கைகளில் இருக்கிறது என்று அறியலாம்.

இப்போது குதிகால்களைக் கீழே இறக்குங்கள். இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் பிறகு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. முன்சக்கரம் கல்லில் மோதும்போது சைக்கிளின் வேகம் குறைகிறது, உடலோ அதே வேகத்தில் முன்னே போகப் பார்க்கிறது. பாதம் கிடைமட்டமாக இருந்தால் அது பெடலின் மேல் முன்னோக்கிச் சறுக்கும். குதிகால் தாழ்ந்திருந்தால் உள்ளங்கால் பின்னோக்கிச் சாய்ந்த பலகைபோல் பெடலை எதிர்த்து நிற்கும். முன்னே போகும் உடலின் உந்தமே பாதத்தைப் பெடலோடு அழுத்திவிடும். மோதல் பெரிதாகப் பெரிதாகப் பிடிப்பும் கூடுகிறது. பிரேக் பிடிக்கும்போதும் இதே கணக்குதான்.

அடுத்த பயிற்சி, சைக்கிளைப் பாதங்களால் தூக்குவது. பெடல்களை முன்னும் பின்னுமாக வைத்து எழுந்து நின்று உருளும்போது முழங்கால்களை மடக்கி உடலை அமுக்கி, பிறகு சட்டென்று நிமிர்ந்து, கால்விரல்களைத் தரை நோக்கிச் சாய்த்து, பாதங்களால் பெடலைப் பின்னும் மேலுமாகக் கோலியெடுங்கள். அதே கணத்தில் ஹேண்டிலை லேசாக முன்னே தள்ளுங்கள். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். குதிகால் தாழ்வது அதிர்வுக்கு, விரல் தாழ்வது தூக்குவதற்கு என்று கணுக்கால் இரண்டு வேலைகளையும் பிரித்துக் கற்றுக்கொள்கிறது. பூட்டுப் பெடலில் தொடங்கியவர்கள் காலை நேராக மேலே இழுத்தே பின்சக்கரத்தைத் தூக்கிப் பழகிவிடுகிறார்கள். சிறு வேரைத் தாண்ட அது போதுமானது. பெரிய மரத்தண்டைத் தாண்டும்போது உடல் தயாராகாமல் சைக்கிள் மட்டும் எழும்புவதால் காற்றில் சாய்ந்துவிடுகிறது.

பின்கள் கணைக்கால் எலும்பில் கீறினால் காயம் ஆழமாகும். என் இடக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. ஏற்றத்தில் பாதம் வழுக்கிப் பெடல் சுழன்று வந்து அடித்தது. அன்று நான் மிதித்த விதம்தான் தவறு, சக்கரம் வழுக்குமென்று தெரிந்தும் முழு எடையையும் ஒரே உதையில் இறக்கினேன். முதல் சில மாதங்களுக்குக் கணைக்கால் கவசம் அணிவதை நான் எல்லோருக்கும் வலியுறுத்துகிறேன்.

மூன்றாம் படி: மிதிக்கும் முறை

சமதளத்தில் நிமிடத்துக்கு 75 முதல் 90 சுற்று, கடும் ஏற்றத்தில் 60 முதல் 70 சுற்று என்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும் வேகம். கணக்கிட எளிய வழி, ஒரு முழங்கால் 15 விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குவது.

மலைப்பாதையில் மிதிப்பதைச் சாலையிலிருந்து வேறுபடுத்துவது பின்சக்கரத்தின் பிடிப்பு. தார்ச்சாலையில் விட்டு விட்டு உதைத்து மிதித்தாலும் டயர் தாங்கிக்கொள்ளும். சருகு மூடிய ஈர மண்ணில் ஒவ்வொரு உதையும் டயரை வழுக்க வைக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு உதை. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவதுதான் சீராக மிதிப்பதன் பொருள். இதற்கு, கால் 12 மணியைக் கடக்கும் முன்பே பாதத்தை முன்னோக்கித் தள்ளத் தொடங்குங்கள். 5 மணிக்கு வரும்போது காலணியின் அடியில் ஒட்டிய சேற்றைப் படிக்கட்டில் வழிப்பதுபோல் பின்னோக்கி இழுங்கள். ஃபிளாட் பெடலில் பின்கள் பிடித்துக்கொள்வதால் இந்த வழிப்பு நன்றாகவே நடக்கும். அடியில் சற்றே விரல்நுனி தாழ்வதும், முன்னே தள்ளும்போது குதிகால் தாழ்வதும் தானாக வரும். கணுக்காலை வலிந்து ஆட்ட வேண்டாம்.

செங்குத்தான ஏற்றத்தில் சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, முழங்கைகளை உள்ளே இழுத்து உட்காருங்கள். பின்னே உட்கார்ந்தால் முன்சக்கரம் எழும்பும். முழுதும் எழுந்து நின்றால் பின்சக்கரம் பாரமிழந்து வழுக்கும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு சாண் இடத்தில் இடுப்பை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே ஏறுவதுதான் ஏற்றத்தின் கலை. ஏற்றம் தொடங்கிய பிறகு பாரத்தோடு கியரை மாற்றாதீர்கள், செயின் திணறும். பத்து மீட்டருக்கு முன்பே மாற்றிவிட்டு வாருங்கள்.

பாறைகளுக்கு நடுவே பெடல் இடிபடுவதுதான் பலரைக் கீழே தள்ளுகிறது. கிராங்கின் அச்சு தரையிலிருந்து 340 மி.மீ. உயரத்தில் இருந்து, கிராங்க் 170 மி.மீ. நீளமுள்ளதானால், அடிநிலையில் பெடலின் நடுப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 170 மி.மீ. மட்டுமே இருக்கும். பெடலின் பாதித் தடிமனையும், உட்கார்ந்தவுடன் சஸ்பென்ஷன் அமுங்கும் அளவையும் கழித்தால் இன்னும் குறையும். அதனால் கல்லை நெருங்கும்போது முழுச் சுற்று மிதிக்காதீர்கள். முன்கால் 2 மணியிலிருந்து 4 மணி வரை மிதித்து, பின்னோக்கி 2 மணிக்கே சுழற்றி, மறுபடி அதே சிறு பகுதியை மட்டும் மிதியுங்கள். செயின் பின்னோக்கித் தடையின்றிச் சுழலும் என்பதால் இது முடிகிறது. கேட்க எளிமையான இந்த வித்தை கல் நிறைந்த ஏற்றத்தில் வேறெதையும்விட அதிகம் உதவும். முதலில் சமதளத்தில், வரிசையாகச் சில கற்களை அடுக்கி, அவற்றுக்கு இடையே ஊர்ந்தபடி பழகுங்கள்.

வளைவுகளில் வெளிப்பக்கப் பெடலைத் தாழ்த்தி அதன் மேல் எடையை அழுத்துங்கள். உட்பக்கப் பெடல் உயர்ந்து தரையில் இடிபடாமல் தப்பும். ஓரத்தில் அணைபோல் மண் உயர்ந்த வளைவில் மட்டும் பெடல்களை இணையாகவே வைக்கலாம், அங்கே தரையே உங்களைத் தாங்குகிறது.

நான்காம் படி: பூட்டுப் பெடலுக்கு மாறுவது

மேலே சொன்னவை பழகி, இறக்கத்தில் பாதம் அசையாமல் நிற்கிறது என்றால் நீங்கள் மாறத் தகுதியானவர். மாற வேண்டிய தேவை உண்டா என்பது நீங்கள் ஓட்டும் ஓட்டத்தைப் பொறுத்தது. நீண்ட தூரம், பந்தயம், தொடர்ந்து மிதிக்க வேண்டிய கரடுமுரடான பாதை ஆகியவற்றில் மனம் இருந்தால் மாறுங்கள். வார இறுதியில் இறக்கங்களை ரசிக்கவும், குதிக்கவும், புதிய தடங்களைத் தேடவும் ஓட்டுபவர் ஆயுள் முழுதும் ஃபிளாட்டிலேயே இருக்கலாம்.

கிளீட் அமைப்பதில் பொறுமை வேண்டும், ஏனென்றால் இங்கே செய்யும் பிழை முழங்காலில் வலியாக வந்து நிற்கும். காலணியை அணிந்து, பெருவிரலின் அடிமூட்டும் சுண்டுவிரலின் அடிமூட்டும் எங்கே இருக்கின்றன என்று தொட்டுப் பார்த்துப் பக்கவாட்டில் குறி போடுங்கள். கிளீட்டின் நடுப்பகுதி அந்த இரண்டு குறிகளுக்கும் இடையில் அமைவது தொடக்க நிலை. மலைப்பாதைக்கு அதிலிருந்து சில மி.மீ. பின்னே நகர்த்துவது நல்லது. கோணத்தை முடிவு செய்ய, மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். பாதம் இயல்பாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் கிளீட்டும் அதற்கு இடம் தர வேண்டும். போல்ட்டுகளுக்கு 4 மி.மீ. அலன் கீ, மரையில் கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். தளர்ந்த கிளீட் மிக ஆபத்தானது: குதிகாலைத் திருப்பினால் காலணி மட்டும் திரும்பும், கிளீட் பெடலிலேயே இருந்துவிடும், கால் வெளியே வராது.

ஷிமானோவின் கிளீட்டுகளில் இரண்டை அறிந்திருக்க வேண்டும். எஸ்எச்51 பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடுபடும். எஸ்எச்56 பல திசைகளிலும் விடுபடும். புதியவர்களுக்குப் பின்னதைப் பரிந்துரைப்பது வழக்கம், பதற்றத்தில் எப்படி இழுத்தாலும் பெரும்பாலும் வந்துவிடுகிறது என்பதால். ஆனால் எழுந்து நின்று பலமாக மிதிக்கையில் அது எதிர்பாராமல் விடுபடவும் கூடும். அதனால் சில வாரங்களுக்குப் பிறகு எஸ்எச்51க்கு மாறிவிடுங்கள். பெடலின் இறுக்கத்தை 3 மி.மீ. அலன் கீயால் இடஞ்சுழியாகத் திருப்பி மிகக் குறைந்த நிலையில் தொடங்குங்கள். ஒவ்வொரு பெடலிலும் இருபுறமும் திருகு உண்டு, மொத்தம் நான்கு; எல்லாவற்றையும் ஒரே அளவில் வையுங்கள். கிராங்க்பிரதர்ஸ் பெடலில் இந்தத் திருகு கிடையாது.

முதல் பயிற்சி ஓடாத சைக்கிளில். சுவரைப் பிடித்துக்கொண்டு, கிளீட்டின் முன்நுனியைப் பூட்டின் முன்பகுதிக்குள் நுழைத்துக் குதிகாலைக் கீழே அழுத்துங்கள், ஓசை கேட்கும். விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்கள். பதறியவர்கள் காலை மேலேயோ பக்கவாட்டிலோ இழுப்பார்கள். எஸ்எச்51 போன்ற கிளீட்டில் அது பூட்டை விடுவிக்காது. ஒவ்வொரு காலுக்கும் ஐம்பது முறை செய்யுங்கள். பிறகு புல்வெளியில், நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்பே ஒரு காலை விடுவித்து, விடுவித்த பக்கமே சைக்கிளைச் சாய்த்து நில்லுங்கள். இந்தக் கடைசிச் சொற்களை அழுத்திச் சொல்கிறேன். ஒரு தோட்டத்தின் கதவருகே எதிரே வந்த வண்டிக்கு வழிவிட நின்றபோது, இடக்காலை விடுவித்துவிட்டு வலப்பக்கம் சாய்ந்தேன். நின்ற இடத்திலேயே விழுந்து மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. வேகமில்லாத விழுதலில்தான் கை முன்னே நீண்டு அடிபடுகிறது. எனவே இரண்டு காலையும் சம அளவில் பழக்குங்கள்.

பாதையில் முதல் இரண்டு வாரம் நன்கு தெரிந்த தடங்களில் மட்டும் ஓட்டுங்கள். கடினமான இடத்துக்கு முன் ஒரு காலை விடுவித்து, விடுவித்த பாதத்தைப் பெடலின் மேல் சும்மா வைத்துக் கடப்பதில் பிழையில்லை. ஓரளவு பரப்புள்ள பெடலை வாங்கினால் இது இன்னும் வசதி.

சேறும் தேய்மானமும்

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு மலையின் செம்மண் களியாகி எதிலும் ஒட்டும். ஃபிளாட் பெடலில் அது பின்களை மூடிப் பிடிப்பைக் குறைக்கும். பூட்டுப் பெடலில் கிளீட்டின் குழியை அடைத்துப் பூட்டவே விடாது. நடந்த பிறகு ஏறும் முன் காலணியைப் பெடலின் ஓரத்தில் இரண்டு முறை தட்டுங்கள், அடைப்பு தீராவிட்டால் ஒரு குச்சியால் கிளறுங்கள். மேலும் கீழுமாகக் கம்பி வளையங்கள் மட்டுமே கொண்ட கிராங்க்பிரதர்ஸ் வகைப் பெடலில் சேறு தங்க இடம் குறைவு என்பதால் ஈரமான பகுதிகளில் ஓட்டுபவர்கள் அதை விரும்புகிறார்கள். அதன் பித்தளைக் கிளீட் மென்மையானது, எஃகுக் கிளீட்டைவிடச் சீக்கிரம் தேயும்.

பூட்டும்போது ஓசை மங்கினாலோ, காரணமின்றிக் கால் விடுபட்டாலோ, விடுவிக்கக் கூடுதல் முயற்சி தேவைப்பட்டாலோ கிளீட் தேய்ந்துவிட்டது. இரண்டு காலிலும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதைக் கழற்றும் முன் அதன் விளிம்பைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் புதியது அதே இடத்தில் அமரும். ஃபிளாட் ஓட்டுபவர்கள் மாதம் ஒருமுறை பின்களைப் பாருங்கள். உடைந்த பின் காலணியைக் கிழிக்கும், காணாமல் போன பின் பிடிப்பைக் குறைக்கும். இரண்டு வகைக்கும் பொதுவாக, பெடலைப் பிடித்து அச்சின் குறுக்கே ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. பூட்டுப் பெடலுக்கு மாறியவர்களும் ஃபிளாட் பெடலை விற்றுவிட வேண்டாம். ஆண்டுக்கு ஒரு மாதமாவது அதை மீண்டும் மாட்டி ஓட்டுங்கள். முதல் நாளே பாதம் பெடலை விட்டு எழும்புமானால், இரண்டாம் படியின் பயிற்சிகளுக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்திருக்கிறது.